இரு நாட்டு மூத்தோரும் உயர்கல்வியும்

ஒரு நாட்டின் கல்வி நிலையை அறிய விழைவோர் அந்நாட்டு இளைஞரைக் கணக்கெடுப்பது வழக்கம். மூத்தோரைக் கணக்கெடுத்தாலோ, நாட்டின் வரலாறே வெளிப்படும். அமெரிக்காவையும் தென்கொரியாவையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும்.

பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனத்தாரின் 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 55 முதல் 64 வயது வரையுள்ள அமெரிக்கரில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் உயர்கல்வி முடித்தவர்கள். கொரியரில் 14 பேரே. 25 முதல் 34 வயதினரிடையே நிலைமை தலைகீழாகிறது: அமெரிக்கர் 44 பேர், கொரியர் 66 பேர். முப்பது ஆண்டுகளில் ஒரு நாடு சிறிதே நகர்ந்தது, மற்றொன்று மலையேறிவிட்டது. காரணம் யாது?

அமெரிக்க மூத்தோர்க்கு வழி முன்னரே வெட்டப்பட்டிருந்தது. 1862ஆம் ஆண்டு மோரில் சட்டம், உழவும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கிற்று. 1944ஆம் ஆண்டுப் போர்வீரர் நலச் சட்டத்தால் ஏறத்தாழ 22 இலட்சம் வீரர்கள் கல்லூரி புகுந்தனர். 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் எளியோர்க்கும் உதவித்தொகைக்கு வழி செய்தது. எனினும் அவ்வழி எல்லார்க்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின இளைஞர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்திற்குள் நுழைய, நடுவண் அரசின் படைக்காவல் வேண்டியதாயிற்று.

கொரியரின் கதை வேறு. ஜப்பானியர் ஆட்சியில் அந்நாட்டிலிருந்த ஒரே பல்கலைக்கழகம் 1924இல் தோன்றிய கெய்ஜோ பேரரசுப் பல்கலைக்கழகம். அதிலும் மாணவருள் பெரும்பாலோர் ஜப்பானியர். 1945இல் விடுதலை கிட்டியபோது மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அடுத்து 1950 முதல் 1953 வரை கொடும்போர். பூசான் நகரில் கூடாரங்களில் கல்லூரிகள் நடந்தன. அக்காலத்தை ஒட்டிப் பிறந்தவர்களே 2012இல் மூத்தோராகக் கணக்கிடப்பட்டவர்கள். அவர்களுக்கு நடுநிலைப் பள்ளியில் சேர்வதே அரிதாயிருந்தது. நடுநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு 1969இல் சியோலில் தொடங்கிப் படிப்படியாக நீக்கப்பட்டது. பல்கலைக்கழக வாயில் அகன்றதோ 1980க்குப் பின்னர்தான்.

ஆயினும் அம்மூத்தோர் கல்வியை மதியாதவரல்லர். உழவர் தம் வீட்டு மாட்டை விற்று மகனின் கல்லூரிக் கட்டணம் செலுத்தினர். ஆதலால் அந்நாட்டார், கல்லூரியைத் 'தந்தக் கோபுரம்' என்னும் வழக்கை மாற்றி, 'மாட்டெலும்புக் கோபுரம்' என்று கசப்போடு கூறினர். ஆலைகளில் உழைத்த தமக்கையரின் கூலியில் தம்பியர் படித்த குடும்பங்களும் பல. ஆகவே 66 என்னும் எண், 14 என்னும் எண்ணின் தோள்மீது நிற்கிறது. பட்டம் பெறாதவரே பட்டதாரிகளை உண்டாக்கினர்.

அவருள் சிலர் முதுமையில் தமக்காகவும் கற்றனர். சில்கோக் மாவட்டத்து மூதாட்டியர் சிலர் முதுமையில் எழுதப் படிக்கக் கற்றனர். அவர்தம் கையெழுத்து 2020இல் கணினி எழுத்துருவாகவும் வெளியாயிற்று.

பிழைப்புத் தேடிப் பிற மாநிலம் வந்து, தம் கல்வியை இடையில் நிறுத்தி, பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய பெரியோர் நம் சங்கத்திலும் உளர். ஒருவர் எத்துணைப் பட்டம் பெற்றார் என்று வினவுமுன், அவர் இளமையில் எந்தக் கதவு திறந்திருந்தது என்று வினவுவதே முறை. அவர்கள் விரும்பிக் கற்க ஒரு மாலை வகுப்பையேனும் சங்கம் அமைக்குமாயின், அது நாம் செலுத்தும் நன்றிக்கடனின் ஒரு பகுதியாகும்.