யப்பானியச் சவரக்கத்தியும் சாணைக்கல்லும்

யப்பான் நாட்டிலே மழித்த தலை ஒரு காலத்தில் இருவகை மாந்தருக்கு அடையாளமாய் விளங்கிற்று. பௌத்த துறவிகள் தலை முழுவதையும் மழித்தனர். போர்வீரரோ நெற்றி முதல் உச்சி வரை மழித்து, எஞ்சிய மயிரை முன்னோக்கி மடித்துக் குடுமியாக முடிந்தனர். தொகுகாவா ஆட்சிக் காலத்தில், அஃதாவது 1603 முதல் 1868 வரை, வீரரின் இவ்வழக்கம் நகரத்து வணிகரிடமும் கைவினைஞரிடமும் பரவியது. சில நாட்களுக்கொருமுறை உச்சியை மழித்தாக வேண்டும் அல்லவா? எனவே, வாள் தாங்காத குடிமகனும் கூரிய கத்தியை நாடி நின்றான்.

அக்கத்தியின் பெயர் காமிசோரி. மேல்நாட்டுச் சவரக்கத்தியைப் போல் இது மடிவதில்லை. அலகும் பிடியும் ஒரே துண்டு. இரு பக்கங்களும் ஒத்த வடிவின அல்ல. மெல்லிய இரும்பின் மேல் வல்லுருக்கைப் பற்றவைத்து அடித்திருப்பர். வல்லுருக்கு முனையைக் காக்கும். மெல்லிரும்போ சாணைக்கு எளிதில் இணங்கும்.

பழைய உருக்கு இசுமோ நாட்டு இரும்பு மணலிற் பிறந்தது. களிமண் உலையில் மணலையும் மரக்கரியையும் மாறி மாறி இட்டு, மூன்று பகல் மூன்று இரவு துருத்தி ஊதுவர். முடிவில் உலையையே உடைத்துத்தான் உருக்குக் கட்டியை வெளியே எடுக்க இயலும்! உருக்கை நொறுங்கச் செய்யும் பொசுபரசும் கந்தகமும் அதில் மிகக் குறைவு.

1871இல் குடுமியைக் களைய அரசு இசைவளித்தது. 1876இல் பொதுமக்கள் வாள் அணிவது தடுக்கப்பட்டது. வாட்கொல்லர் பலர் கத்தரிக்கோலும் சமையற்கத்தியும் சவரக்கத்தியும் செய்யப் புகுந்தனர். ஐரோப்பிய உருக்கு வந்திறங்க, 1920களில் மணல் உலைகள் அவிந்தன. ஆயினும், சன்ஜோ நகரத்தவரான இவாசாக்கி கோசுக்கே என்னும் உலோகவியலறிஞர் பழைய வாளுருக்கை ஆராய்ந்து, அவ்வறிவைச் சவரக்கத்தியிலே செலுத்தினார். வாட்கலையைக் காக்கும் பொருட்டு 1977இல் சிமானே மாகாணத்தில் உலை மீண்டும் மூட்டப்பட்டது. இன்றும் குளிர்காலத்தில் அது எரிகின்றது.

நேயர்களே, உருக்கு மீண்டது; கல்லின் கதை வேறு. கியோத்தோ நகரத்துக்கு அருகே நருதாக்கி, உமேகஹாத்தா முதலிய மலைப்புறங்களில் நுண்சாணைக்கற்கள் படுகை படுகையாய்க் கிடந்தன. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலில் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் சேற்றோடு படிந்து இறுகியதே இக்கல். அதன்மேல் நீர் தெளித்து, நாகுரா என்னும் சிறு கல்லால் தேய்ப்பர். எழுகின்ற கற்குழம்பே கத்தியைத் தீட்டும். சமையற்கத்தி சிறு குறையைப் பொறுத்துக்கொள்ளும். கன்னத்தின் மேற் செல்லும் கத்தி ஒரு பருமணலையும் பொறாது. ஆதலின் மிகக் கடினமும் மிக நுண்மையும் கூடிய கல்லையே சவரத்துக்குத் தெரிவு செய்தனர். வெட்டியெடுத்தவற்றுள் அத்தகையவை சிலவே.

அச்சுரங்கங்களுட் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. மணலும் கரியும் கைத்திறனும் இருந்தால் உருக்கை இன்னும் ஆக்கலாம். மலைப்படுகையை எவர் ஆக்குவார்? செயற்கைக் கற்கள் நன்றாகவே தீட்டுகின்றன என்பதும் உண்மை. எனினும் பழைய கல்லை உடையோர் அதனை மரப்பலகையிற் பதித்து, நீர் புகுந்து படுகைகள் பிளவாதபடி பக்கங்களுக்கு அரக்குப் பூசி வைத்துக்கொள்கின்றனர்.