தொழிலாளர் சமைத்த தொலைநோக்கி

தொலைநோக்கி, பல்கலைக்கழகத்தார்க்கும் செல்வர்க்கும் உரிய கருவியாகவே நெடுங்காலம் விளங்கிற்று. அந்நிலையை மாற்றிய ஊர்களுள் ஒன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு. இயந்திரக் கருவிகள் செய்யும் தொழிலூர் அது.

வடதுருவப் பகுதிப் பயணங்களில் பங்குகொண்ட ஓவியர் ரஸ்ஸல் போர்ட்டர், 1920ஆம் ஆண்டில் அங்கு ஒரு வகுப்பைத் தொடங்கினார். 15 ஆடவரும் ஒரு பெண்மணியும் சேர்ந்தனர். பெரும்பாலோர் தொழிற்சாலைப் பணியாளர். வட்டக் கண்ணாடிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே உராய்வுப் பொடியும் நீரும் இட்டுப் பன்னாள் தேய்த்தனர். மேலது குழிந்தது, கீழது குவிந்தது. குழிந்ததை மெருகேற்றி வெள்ளி பூசினர். அதன் வளைவில் ஒளியலையின் நீளத்தினும் குறைந்த பிழையே பொறுக்கத்தக்கது. மயிரிழையும் அவ்வளவிற்கு மிகப் பருமன்.

1923இல் அவர்கள் சங்கம் கண்டனர். மறு ஆண்டே குன்றொன்றில் மன்றம் எழுப்பி, விண்மீன் கோயில் எனப் பொருள்படும் 'ஸ்டெல்லாஃபேன்' என்னும் பெயரைச் சூட்டினர். 1925இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஆல்பர்ட் இங்கால்ஸ் இதனை எழுதவே, கண்ணாடி தேய்க்கும் ஆர்வம் நாடெங்கும் பரவிற்று. 1926இல் முதல் மாநாடு கூடிற்று. பின்னர், பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியின் வடிவமைப்புப் பணிக்குப் போர்ட்டரே அழைக்கப்பட்டார்.

மின்னொளி இரவை விழுங்கிவரும் இந்நாளிலும், இருள் நாடி அக்குன்றில் ஆர்வலர் கூடுகின்றனர். வாங்க இயலாத கருவியை ஆக்கிக்கொள்ளக் கற்பித்த ஒரு சிறு வகுப்பின் விளைவு இது. மாணவர் தொகை குறைவென்று மனம் தளரும் ஆசிரியர்க்கு இவ்வரலாறு ஒரு மருந்து.