பழனி மலைக் காப்பி

பழனி மலைக் காப்பி என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளையான பழனி மலையில் விளையும் அராபிக்கா வகைக் காப்பி ஆகும். இந்தியக் காப்பி வாரியம் இதனைப் 'புல்னீசு' என்ற பெயரில் தனி வட்டாரக் காப்பியாக வகைப்படுத்தியுள்ளது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் உள்ளன. வாரியத்தின் வட்டாரக் காப்பி ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியில் அமைந்துள்ளது.

விளையும் சூழல்

அராபிக்கா பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் நன்கு விளைகிறது. உயரம் கூடும்போது வெப்பநிலை குறைவதால் பழம் மெதுவாகப் பழுக்கிறது. இதனால் கொட்டை அடர்த்தி மிகுந்து, புளிப்பும் நறுமணமும் கூடுகின்றன. நிழல் மரங்களின் கீழ் மிளகு, ஆரஞ்சு, மலைவாழை ஆகியவற்றுடன் காப்பி பயிரிடப்படுகிறது.

1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத் துரு நோய் அந்நாட்டின் காப்பித் தொழிலையே அழித்தது. இந்நோயைத் தாங்கும் நோக்கில் 1940களில் கருநாடகத்தின் பாலேஒன்னூரில் உருவாக்கப்பட்ட எசு. 795 என்னும் வகை இம்மலையிலும் பயிராகிறது.

சுவை மதிப்பீடு

காப்பியின் சுவை பால், சர்க்கரை சேர்க்காமல் மதிப்பிடப்படுகிறது. பன்னாட்டளவில் வழங்கும் முறைப்படி, 8.25 கிராம் தூளில் ஏறத்தாழ 93 பாகை செல்சியசு வெப்பமுள்ள 150 மில்லி லிட்டர் நீர் ஊற்றப்படும். சுமார் 4 நிமிடங்கள் கழித்து, மேலே படிந்த ஏடு கரண்டியால் கலைக்கப்பட்டு மணம் நுகரப்படும். சற்று ஆறியபின் ஓசையுடன் உறிஞ்சி, புளிப்பு, இனிப்பு, திண்மை, பின்சுவை முதலியன குறிக்கப்படும். 2004 முதல் பின்பற்றப்பட்ட முறையில் 100-க்கு 80 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி பெற்றவை சிறப்புக் காப்பி எனப்பட்டன. 2023-இல் அறிமுகமான புதிய முறை, விளைநிலம் போன்ற புறப்பண்புகளையும் கருத்தில் கொள்கிறது.

சுவைக் குறிப்புகளில் காணப்படும் எலுமிச்சை, சாக்கலேட்டு போன்ற சொற்கள் ஒப்புமைகளே. அப்பொருள்கள் காப்பியில் சேர்க்கப்படுவதில்லை. எசு. 795 வகை, சமநிலையான சுவைக்கும் மோக்கா காப்பியை ஒத்த மெல்லிய மணத்திற்கும் அறியப்படுகிறது.

தனி அடையாளம்

தமிழ்நாட்டு வடிகட்டிக் காப்பியில் பல வட்டாரக் கொட்டைகளும் சிக்கரியும் கலக்கப்படுவது வழக்கம். இந்திய உணவுச் சட்டப்படி, சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருந்தால் போதுமானது. இத்தகைய கலவையில் ஒரு மலைக்குரிய சுவையைப் பிரித்தறிதல் கடினம். நல்ல கொட்டையை விளைவித்த உழவரின் ஊர்ப்பெயரும் வாங்குவோரைச் சென்றடைவதில்லை.

2019-இல் குடகு, சிக்கமகளூர், பாபாபூதன்கிரி, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிக்காக்களுக்கும் வயநாட்டு ரொபசுட்டாவுக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அந்த ஐந்தில் தமிழ்நாட்டுக் காப்பி எதுவும் இடம்பெறவில்லை.