பட்டுப்பூச்சி காட்டிக்கொடுத்த படைப்புழு

ஆரணியில் தறியேறும் பட்டு, ஒரு புழு வாயிலிருந்து இழுத்த நூல். மனிதன் அந்தப் புழுவைச் சில ஆயிரம் ஆண்டுகளாகத் தட்டில் போட்டு மல்பெரி இலை ஊட்டி வளர்த்ததில், அதன் பூச்சிக்குப் பறக்கவே வராமல் போனது. இறகு இருக்கிறது; படபடக்கும்; எழும்பாது.

நம் கதாநாயகன், மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு, நேர்மாறு. மக்காச்சோளத்துக்குத் தாய்மண்ணான அமெரிக்கக் கண்டம்தான் படைப்புழுவுக்கும் தாய்மண். இதன் அந்துப்பூச்சி காற்று வாகாக இருந்தால் ஓர் இரவில் 100 கிலோமீட்டர் போய்விடும். 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது. இரண்டே ஆண்டுகளில் சகாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பரவிவிட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் இறங்கியது. அந்த ஆண்டே பெரம்பலூர் மக்காச்சோளக் காடுகளுக்கு வந்தது, இலங்கைக்கும் தாண்டியது. 2019இல் சீனா, 2020இல் ஆஸ்திரேலியா.

ஆரணியைச் சுற்றி நெல்லும் மணிலாவும்தான் அதிகம். மணிலா போடுகிறவர்களுக்கு 'புரோடீனியா' புழுவைத் தெரியும். படைப்புழு அதன் பங்காளி. தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள்: இதுதான் அடையாளம். தாய்ப்பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். ஒவ்வொரு குவியலையும் தன் உடல் செதிலாலேயே போர்த்திவிடும். இரண்டு மூன்று நாளில் குஞ்சுப்புழுக்கள் இலையைச் சுரண்டத் தொடங்கும். பிறகு குருத்துக்குள் நுழையும். அங்கே ஒன்றையொன்று தின்று, கடைசியில் ஒரு குருத்துக்கு ஒன்றிரண்டு பெரிய புழுதான் மிஞ்சும். விரிந்த இலையில் வரிசையாக ஓட்டை, குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம். அதைப் பார்த்த பிறகு மருந்தடித்தால், எச்சமே கதவாக அடைத்துக்கொண்டு மருந்தை உள்ளே விடாது. இரண்டு மூன்று வாரத்தில் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி பூச்சியாக எழும்பும்.

அதனால் வேலை விதைப்புக்கு முன்பே தொடங்க வேண்டும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போட்டால், மண்ணிலிருந்து வெளிவரும் பூச்சி குறையும். விதைநேர்த்தி இளம்பயிரைக் காக்கும். வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் இருந்தால், புழுவைத் தின்னும் பூச்சிகள் அங்கே தங்கும். இத்தனைக்கும் மேலே ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகள். பெண்பூச்சி வீசும் வாசனையைச் செயற்கையாகச் செய்து ஒரு சின்ன ரப்பர் குப்பியில் ஏற்றிப் பொறியில் மாட்டுவார்கள். ஆண்பூச்சி தேடி வந்து விழும். பொறி ஒன்றே வெள்ளாமையைக் காத்துவிடாது. பூச்சி வந்துவிட்டதென்று அது சொன்ன நாளில் கொல்லையில் இறங்கி, முட்டைக் குவியலை நசுக்கி, குஞ்சுப்புழு பருவத்திலேயே வேப்பெண்ணெய் மருந்தோ மெட்டாரைசியம் பூஞ்சாணமோ குருத்தில் படும்படி தெளிக்க வேண்டும்.

இந்தப் பொறியின் வேர் பட்டுப்பூச்சியிடம் இருக்கிறது. பறக்க முடியாத பெண் பட்டுப்பூச்சி இருந்த இடத்திலிருந்தே வாசனையால் ஆணை அழைக்கும். அந்த வாசனை எதனால் ஆனது என்று ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனான்ட் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தேடினார். ஐந்து லட்சம் பெண்பூச்சிகளின் சுரப்பியிலிருந்து சில மில்லிகிராம்தான் தேறியது. 1959இல் அதற்கு 'பாம்பிகால்' என்று பெயரிட்டார். உலகில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இனக்கவர்ச்சி வாசனை அதுதான். படைப்புழுவின் வாசனை வேறு சரக்கு. ஆனால் அதைத் தேடும் வழி அங்கேதான் திறந்தது.

படைப்புழுவுக்கு அடிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல் மருந்து காற்றில் பறந்து பக்கத்து மல்பெரி இலையில் துளி படிந்தாலும், அதைத் தின்னும் பட்டுப்புழு தட்டிலேயே செத்துக் கிடக்கும். கூடும் இல்லை, நூலும் இல்லை. பொறி மாட்டி, நாள் பார்த்து, குருத்துக்கு மட்டும் மருந்து கொடுக்கிற கொல்லைக்குப் பக்கத்தில் பட்டுப்புழு பிழைத்துக் கூடு கட்டும். அதன் நூல் ஏதோ ஒரு தறியில் பாவாகவும் ஏறும்.