விமானியின் இடுப்பில் துப்பாக்கி வேண்டுமா?

பி.காம் படிக்கிற பையனுக்கும் துப்பாக்கிக்கும் என்னடா சம்பந்தம் என்று நினைப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நான் என்.சி.சி.யில் இருந்தேன். ஒரு முகாமில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் சுடக் கற்றுக்கொடுத்தார்கள். என் பக்கத்தில் படுத்திருந்த பையனின் ரைஃபிள் திடீரென்று சுடவில்லை. அவன் என்ன செய்தான் தெரியுமா? "சார், இது வேலை செய்யல" என்று ரைஃபிளோடு அப்படியே பின்னால் திரும்பினான். குழல் எங்களைப் பார்த்து நின்றது.

ஹவில்தார் சார் ஒரே தாவில் வந்து குழலை மண்ணைப் பார்த்து அழுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் அவர் சொன்னது: "எதிரிகிட்ட இருக்கிற துப்பாக்கியை நீங்க கவனிச்சுக்குவீங்க. உங்ககிட்ட இருக்கிற துப்பாக்கியைத்தான் மறந்துடுவீங்க."

விமானிகளுக்குத் துப்பாக்கி கொடுத்தால் விமானக் கடத்தல் நின்றுவிடுமா என்று விடுதியில் ஒரு நாள் பெரிய வாக்குவாதம். அப்போது அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. நாமக்கல்லில் இருந்து வரும் என் நண்பன், "கொடுக்கணும் மாப்ள, ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்" என்று ஒரே பிடியாக நின்றான். அவனுக்குப் பதில் சொல்லப் போய்ப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

பொம்மைத் துப்பாக்கியும் கிரிக்கெட் பந்தும்

முதலில் நம் நாட்டுக் கதை. 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரில் இருந்து ஜம்முவுக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் 'கங்கா' என்ற ஃபோக்கர் விமானத்தை இரண்டு இளைஞர்கள் லாகூருக்குக் கடத்தினார்கள். அவர்களிடம் இருந்தது பொம்மைத் துப்பாக்கியும் மரத்தில் செய்த கையெறி குண்டும்தான்! பயணிகள் விடுவிக்கப்பட்டார்கள், விமானம் கொளுத்தப்பட்டது. இந்தியா தன் வான்வழியைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. மேற்குப் பாகிஸ்தானில் இருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போக அவர்கள் கொழும்பு வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. ஒரு பொம்மைத் துப்பாக்கி இரண்டு நாடுகளின் வரைபடத்தையே அசைத்தது என்றால் நம்புவீர்களா?

அடுத்தது 1978 டிசம்பர் 20. நாடாளுமன்றத்தில் இருந்து நீக்கப்பட்டுச் சிறையில் இருந்த இந்திரா காந்தியை விடுவிக்கக் கோரி, டில்லிக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தை போலாநாத் பாண்டே, தேவேந்திர பாண்டே என்ற இருவர் வாரணாசிக்குத் திருப்பினார்கள். ஆயுதம்? பொம்மைத் துப்பாக்கியும் கிரிக்கெட் பந்தும். அடுத்த நாள் சரணடைந்தார்கள். 1980இல் இருவரும் உத்தரப் பிரதேசத்தில் எம்.எல்.ஏ. ஆனார்கள் என்பது தனிக் கதை.

இந்த இரண்டு விமானங்களிலும் விமானியிடம் நிஜத் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள். எதிரில் இருப்பது பொம்மை என்று விமானிக்குத் தெரியாது. அவர் சுடுவார். குறி தப்பினால் பின்னால் வரிசையாகப் பயணிகள். அந்த இரண்டு விமானங்களிலும் இருந்திருக்கக்கூடிய ஒரே நிஜத் துப்பாக்கி விமானியுடையதாகத்தான் இருந்திருக்கும். இரண்டிலும் பயணிகள் உயிரோடு வீடு திரும்பினார்கள் என்பதை மறக்கக் கூடாது.

1999: காண்டஹார்

"பொம்மைத் துப்பாக்கியை விடு மாப்ள, காண்டஹாருக்கு என்ன சொல்ற?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவில் இருந்து டில்லிக்கு வந்த ஐசி 814 விமானத்தை ஐந்து பேர் கடத்தினார்கள். அவர்களிடம் இருந்தவை பொம்மைகள் இல்லை. ரூபின் கத்யால் என்ற பயணி குத்திக் கொல்லப்பட்டார். மூன்று தீவிரவாதிகளை விடுவித்த பிறகு டிசம்பர் 31 அன்றுதான் மற்றவர்கள் மீண்டார்கள்.

ஐந்து பேருக்கு எதிராக ஒரு கைத்துப்பாக்கி என்ன செய்திருக்கும்? முதல் ஆளை வீழ்த்தியிருக்கலாம். மற்ற நான்கு பேர் பயணிகள் நடுவில் நிற்கிறார்கள். கேப்டன் தேவி சரண் அன்று செய்தது வேறு வேலை. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது, லாகூரில் ஓடுபாதை விளக்குகளை அணைத்துவிட்டார்கள், இருட்டில் ஒரு சாலையை ஓடுபாதை என்று எண்ணி இறங்கப் போய்க் கடைசி நொடியில் மேலே தூக்கினார். அந்த நேரத்தில் விமானத்தில் இருந்த அத்தனை பேர் உயிரும் அவருடைய இரண்டு கையில் இருந்தது. அந்தக் கைகளுக்கு வேறு வேலை கொடுக்க நேரம் இருந்ததா?

இந்தக் கடத்தலுக்குப் பிறகு நம் அரசு விமானிகளுக்கு ஆயுதம் கொடுக்கும் வழியில் போகவில்லை. விமான நிலையக் காவலை மத்திய தொழிற்பாதுகாப்புப் படையிடம் கொடுக்கத் தொடங்கியது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் முதலாவது. சில விமானங்களில் சாதாரண உடையில் தேசியப் பாதுகாப்புப் படை வீரர்களை அனுப்பினார்கள். சுடுவதே தொழிலாக உள்ளவரிடம் துப்பாக்கி, ஓட்டுவதே தொழிலாக உள்ளவரிடம் விமானம். வேலைப் பிரிவினை என்று முதல் ஆண்டிலேயே படித்தோமே, அதுதான்!

அமெரிக்கா எடுத்த முடிவு

2001 செப்டம்பர் 11 அன்று நான்கு விமானங்களைக் கடத்தியவர்கள் பயன்படுத்தியது சிறு கத்திகளைத்தான். அதன் பிறகு 2002 நவம்பரில் நிறைவேறிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விருப்பமுள்ள விமானிகளுக்குத் துப்பாக்கி கொடுக்கும் திட்டம் வந்தது. 2003 ஏப்ரலில் முதல் குழுவாக 44 விமானிகள் பயிற்சி முடித்தார்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒரு விதியும் போட்டார்கள்: விமானி அறைக்கு வெளியே துப்பாக்கி பூட்டியே இருக்க வேண்டும்.

இந்தப் பூட்டில்தான் வினை! துப்பாக்கியை உறைக்குள் வைத்து, உறையில் உள்ள துளை வழியாகச் சிறு பூட்டை நுழைத்து, அது விசைக்குப் பின்னால் போகும்படி பூட்ட வேண்டும். துப்பாக்கி உறைக்குள் முழுசாக இறங்காமல் கொஞ்சம் மேலே நின்றால், பூட்டின் கம்பி விசைக்கு முன்னால் போய்விடும். அப்புறம் பூட்டை அழுத்தினால் விசையை இழுத்தது போலத்தான். ஒவ்வொரு பயணத்திலும் பூட்டித் திறந்து பூட்டித் திறந்து... என்றாவது ஒரு நாள் தவறும் இல்லையா?

2008 மார்ச் 22 அன்று தவறியது. டென்வரில் இருந்து சார்லட்டுக்குப் போன யு.எஸ். ஏர்வேஸ் 1536 விமானம் தரையிறங்கத் தயாராகும் நேரத்தில், விமானி அறைக்குள் துப்பாக்கி வெடித்தது. குண்டு விமானத்தின் பக்கச் சுவரைத் துளைத்து வெளியே போனது. யாருக்கும் காயமில்லை, விமானம் பத்திரமாக இறங்கியது.

சினிமாவில் காட்டுவது போல ஒரு குண்டு ஓட்டையில் விமானம் வெடித்துச் சிதறாது. 1988இல் அலோகா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மேற்கூரையில் பெரும் பகுதியை இழந்தும் தரையிறங்கியது (ஒரு பணிப்பெண் இறந்தார்). சிறு ஓட்டை வழியே போகிற காற்றை விமானத்தின் அழுத்த அமைப்பு ஈடுகட்டிவிடும். நிஜமான ஆபத்து வேறு: அந்தச் சின்ன அறையில் குண்டு சக விமானியின் மேல் படலாம், கருவிகளில் படலாம், வயர்களை அறுக்கலாம்.

விமானி அறைக்குள் துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு இன்னும் கொடிய சாட்சிகள் உண்டு. 1964 மே 7 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு பயணி இரண்டு விமானிகளையும் சுட்டுவிட, பசிபிக் ஏர்லைன்ஸ் 773 விழுந்து 44 பேரும் இறந்தார்கள். 1987 டிசம்பர் 7 அன்று பி.எஸ்.ஏ. 1771இல் 43 பேர். அதைச் செய்தவர் வேலையில் இருந்து நீக்கப்பட்ட விமான நிறுவன ஊழியர். அவருடைய அடையாள அட்டையைத் திரும்ப வாங்காமல் விட்டுவிட்டார்கள். அதைக் காட்டிச் சோதனை இல்லாமல் துப்பாக்கியோடு ஏறினார். ஆடிட்டிங் வகுப்பில் இன்டர்னல் கன்ட்ரோல் என்று தூங்கிக்கொண்டே கேட்டோமே, அதில் ஒரு சின்ன ஓட்டை, 43 உயிர்.

நம்ம ஊரில்

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. விமான நிலையங்களைக் காக்கும் அதே மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் அன்று அங்கே இருந்தார்கள். தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். பயிற்சி பெற்றவர்கள், மேற்பார்வை, தளம் எல்லாம் இருந்தும் இப்படி.

எங்கள் பக்கம் கொல்லிமலையும் கல்வராயன் மலையும் ஏற்காடும் இருக்கின்றன. மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிப் பேச்சு இன்னும் ஓயவில்லை. உரிமம் இல்லாத துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைத்தால் நடவடிக்கை இல்லை என்று போலீசார் அவ்வப்போது அறிவிப்பார்கள். குழல் வாய் வழியாக மருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டுக் கிட்டிக்கிற துப்பாக்கி அது. அதில் மருந்து இருக்கிறதா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்தியையும், துடைக்கும்போது வெடித்த செய்தியையும் நாம் படித்திருக்கிறோம். காட்டுப் பன்றியிடம் இருந்து பயிரைக் காக்கத்தான் வைத்திருந்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்: ஆள் நல்லவரா என்பது ஒரு கேள்வி, ஆயுதம் எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி.

கணக்குப் பார்த்தால்

நண்பன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் அத்தனை விமானிகள் ஆயுதத்தோடு பறந்தும் 2008இல் நடந்தது போல ஊர் அறிந்த விபத்துகள் அரிது. துப்பாக்கிக்குப் பயந்து எத்தனை பேர் கடத்தாமல் இருந்தார்கள் என்று யாராலும் எண்ண முடியாது. பூட்டிய கதவுக்கும் விலை உண்டு. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் துணை விமானி, கேப்டனை வெளியே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு விமானத்தை மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள்.

ஆனால் கணக்கு இப்படி இருக்கிறது: கடத்தல் எப்போதாவது வரும். துப்பாக்கியை எடுப்பது, வைப்பது, பூட்டுவது தினமும் நடக்கும். எப்போதாவது வருகிற நஷ்டத்துக்காகத் தினமும் ஒரு ஆபத்தைப் பிரீமியமாகக் கட்டுகிறோம். அதே பணத்தைக் கதவிலும் சோதனையிலும் போட்டால் கடத்துபவன் விமானி வரை வரவே முடியாது. என் முடிவு: விமானியின் கை விமானத்திலேயே இருக்கட்டும்.

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993இல் இருந்து எங்களுக்கும் ஒரு விமான நிலையம் இருக்கிறது. சேவை வரும், நிற்கும், மறுபடி வரும். நான் இன்னும் விமானம் ஏறியதில்லை. என்றாவது ஏறினால், முன்னால் இருக்கிற அந்தக் கதவு நன்றாகப் பூட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ என்.சி.சி.யில பயந்துட்ட மாப்ள" என்கிறான். ஆமாம், பயந்துதான் போனேன். அந்தக் குழல் என்னைப் பார்த்து நின்றபோது அதைப் பிடித்திருந்தது என் கூடவே சாப்பிட்டுத் தூங்கிய பையன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?