பேங்க் வேலையை விட்ட குரல்

வாணி ஜெயராம் என்றதும் நம்மில் பலருக்கு மெட்ராஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் அவர் பாடகியானது நம்ம பம்பாயில்தாங்க!

வேலூரில் பிறந்தவர், ஸ்டேட் பேங்க் ஊழியர் (நம்ம ஆளு!). 1969-ல் கல்யாணமாகி இங்கே வந்தார். உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் ஹிந்துஸ்தானி கற்றார். அந்தக் கடும் பயிற்சிக்காக பேங்க் வேலையையே விட்டார். ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'குட்டி' (1971) இந்திப் படத்தில் வசந்த் தேசாய் அவரைப் பாட வைத்தார். மியான் கி மல்ஹார் ராகத்தில் வந்த பாட்டு நாடெங்கும் ஒலித்தது. தமிழில் பெயர் வாங்கித் தந்தது அதற்கப்புறம்தான், 1974-ல், எம்.எஸ்.வி. இசையமைத்த 'தீர்க்க சுமங்கலி'. அடுத்த வருடமே 'அபூர்வ ராகங்கள்', தேசிய விருது. 2023 பிப்ரவரியில் மறைந்தார்.

நிரந்தர உத்தியோகத்தை விடுவது எவ்வளவு பெரிய முடிவு என்று மாதச் சம்பளக்காரர்களான நமக்குத் தெரியும். வீட்டில் பாட்டே கதி என்று ஒரு பெண் இருந்தால், "முதலில் பேங்க் பரீட்சை எழுது" என்று சொல்வதற்கு முன் இவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.