வெள்ளம் கலைத்த பாடம்

இரஷ்யாவின் ரியாசான் நகரில், 1849-ஆம் ஆண்டு, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக் குரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர் இவான் பாவ்லவ். அவரும் குருமடத்தில்தான் பயின்றார். எனினும் மூளையின் அனிச்சைச் செயல்களைப் பற்றி செச்செனோவ் எழுதிய நூல் அவரை வேறொரு திசைக்கு ஈர்த்தது. 1870-இல் குருமடப் படிப்பை நிறைவு செய்யாமலே புனித பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் புகுந்தார். குருமடங்கள் குருக்களை மட்டுமே உருவாக்குவதில்லை என்பதை நாமும் அறிவோம்.

செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவரின் பெயர், இன்று நாய்களோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. உணவு வாயில் படுமுன்னரே, அதைக் கொணர்பவரின் காலடியோசைக்கே அவற்றிற்கு உமிழ்நீர் சுரந்தது. மணியோசையைத்தான் பலரும் நினைவில் வைத்துள்ளனர். அவரோ மெட்ரோனோம் என்னும் தாளக்கருவி முதலாகப் பல தூண்டல்களைக் கையாண்டார். ஓசையும் உணவும் பன்முறை இணைந்து வந்தபின், ஓசை மட்டுமே சுரப்பிற்குப் போதுமானதாயிற்று. உணவின்றி ஓசையை மட்டும் தொடர்ந்து எழுப்பினால் அப்பழக்கம் மங்கும்; சிலகாலம் சென்று தானே மீண்டும் தலைதூக்கும். ஆகவே அது அழிவதில்லை, அடங்கியே கிடக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

ஆனால் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது 1924 செப்டம்பர் 23-ஆம் நாள் நிகழ்ச்சியே. அன்று நேவா ஆறு கரைபுரண்டு லெனின்கிராட் நகருக்குள் பாய்ந்தது. சூறைக்காற்றிற்கும் சாயும் மரங்களுக்கும் நடுவே, கூடங்களில் அகப்பட்ட நாய்களைச் சிறு சிறு கூட்டங்களாக நீந்தச் செய்து ஆய்வகத்திற்குக் கொண்டு சேர்த்தனர். அவை உயிர் பிழைத்தன. எனினும் நெடுநாள் உழைப்பில் ஊன்றியிருந்த பழக்கங்கள் சில நாய்களிடம் காணாமற் போயின. நன்கு பழகிய ஒரு நாய் ஆய்வறையில் உணவையும் தொட மறுத்தது.

அதைத் தேற்றியது புதிய பயிற்சியோ கண்டிப்போ அன்று. வழக்கமாக வெளியிலிருந்து கவனிக்கும் ஆய்வாளர் அறைக்குள் வந்து அதன் அருகே தங்கினார். அவர் உடனிருக்க, இழந்த பழக்கங்கள் மெல்லத் திரும்பின. கற்பித்தலையும் பிரம்பையும் சேர்த்தே எண்ணிப் பழகிய நம் தலைமுறை இதை நின்று எண்ணிப் பார்ப்பது தகும்.

நாய் ஓரளவு தேறிய பின்னர் ஒருநாள், அறைக் கதவின் அடியில் சிறிது நீரைக் கசியவிட்டனர். அதைக் கண்டதும் நாய் துள்ளியெழுந்து பதறிற்று. மீண்ட பழக்கங்கள் மறுபடியும் மறைந்தன.